வாசல் மட்டும் வெச்ச எலி

நகந்து உக்காராதீங்க சார், இந்த மூட்டையில எலி கிடையாது. இதைப் பாத்ததும் எல்லாரும் இப்படித்தான் ஒதுங்கறாங்க. வெறும் கிட்டி சார் இது. மூங்கில் பத்தையும் நூலும், அவ்வளவுதான். வயல்ல எலி புடிக்கிற பொறிக்கு எங்க பக்கம் கிட்டின்னு பேரு. பொழுது சாயறப்ப வரப்புல வெச்சுட்டு வந்துடணும். விடிஞ்சதும் போனா மாட்டியிருக்கும். கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் போடணும்னாரு. "ஏங்க, கைக்குழந்தை மாதிரி மடியிலதானே வெச்சிருக்கேன்"னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

நீங்க மன்னார்குடி வரைக்குமா? நாங்க அதுக்கு ரெண்டு ஸ்டாப்பிங் முன்னாடி. நாங்கன்னா, அதோ முன்னாடி லேடீஸ் சீட்டுல பச்சைப் புடவை தெரியுது பாருங்க, ஜன்னலோரம்? எங்க வீட்டுக்காரி. தையல்நாயகி. என் பேரு காத்தமுத்து. எங்க வேலைக்குப் போனாலும் அவளும் கூட வந்துடுவா. நான் வேணாம்னாலும் கேக்கமாட்டா. நான் வேணாம்னு சொன்னதும் இல்லைன்னு வெச்சுக்குங்க.

அவளைக் கட்டினதே ஒரு எலியாலதான் சார். சிரிக்காதீங்க. சத்தியமா. பதினெட்டு வருஷம் ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் அது என்ன எலின்னு எனக்குப் புரியலை. முப்பது வருஷம் இதே தொழில், ஒரே ஒரு எலிகிட்டதான் நான் தோத்திருக்கேன்.

அதைச் சொல்லணும்னா மொதல்ல எலி வீடு எப்படின்னு உங்களுக்குத் தெரியணும். ஓட்டைன்னு நெனைச்சுடாதீங்க. வீடு. வரப்பெலி இருக்கே, அது வாசல்லயே புது மண்ணைத் தள்ளிக் குமிச்சு வெச்சிருக்கும். மண்ணு ஈரமா இருந்தா ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம். உள்ள போனதும் அதே மண்ணால வாசலை அடைச்சுக்கும், நாம கதவைச் சாத்திக்கிற மாதிரி. அப்புறம் ஒரு வளைவு, ஒரு எறக்கம், திரும்பவும் ஒரு ஏத்தம். படுக்கறதுக்குத் தனியா ஒரு அறை. வைக்கோலை நார் நாராக் கிழிச்சு மெத்தை போட்டிருக்கும் பாருங்க, நாம தலை வெக்கலாம் போல இருக்கும். கதிர் சேக்கறதுக்கு வேற அறை. ஒண்ணு, ரெண்டு, சிலது மூணு வெச்சிருக்கும். ஒரே வளையில ரெண்டு படி நெல்லு எடுத்திருக்கேன் நான்.

இதெல்லாம்கூடப் பெரிசில்லை. கடைசியா ஒரு கொல்லைவாசல் வெக்கும். உள்ளேர்ந்து தோண்டிக்கிட்டே வந்து, வெளிய தெரியறதுக்கு ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம் மண்ணு மிச்சம் இருக்கறப்ப நிறுத்திடும். மேல இருந்து பாத்தா வெறும் தரை. பாம்பு உள்ள புகுந்தா, தண்ணி புகுந்தா, அந்த மண்ணை முட்டிக்கிட்டு ஒரே பாய்ச்சல். முன்வாசல் வரப்புக்கு இந்தப் பக்கம்னா கொல்லைவாசல் அந்தப் பக்கம் இருக்கும். இது தெரிஞ்சவன்தான் எலி புடிக்க முடியும். தெரியாதவன் முன்வாசல்ல நின்னு மம்பட்டியால வெட்டிக்கிட்டு இருப்பான். எலி பின்னாடி போயி அவனை வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கும்.

சரி, கதைக்கு வர்றேன். எனக்கு அப்ப நாப்பத்தொரு வயசு. ஒண்டிக்கட்டை. ஏன்னு கேளுங்க. பொண்ணு பாக்கப் போனா மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. எலி புடிக்கிறேன்னு சொன்னதும் உள்ள இருந்து வர்ற காப்பி பாதி வழியிலயே நின்னுடும். நாலு வீட்ல காப்பி நின்னுது. அஞ்சாவது வீட்டுக்கு நான் போகலை.

அப்பதான் நல்லிக்கோட்டகத்துலேர்ந்து ஆள் வந்துச்சு. ஐப்பசி மாசம். தையல்நாயகின்னு ஒரு அம்மா, ஒன்றரை ஏக்கர் சம்பா போட்டிருக்காங்க, எலி அழிக்குதுன்னாங்க. புருசன் காய்ச்சல்ல தவறி மூணு வருஷம். புள்ளைங்க இல்லை. வயலுக்கு ஒரு பக்கம் பெரிய வாய்க்கா கரை, இன்னொரு பக்கம் புருசனோட அண்ணன் உத்திராபதி வயல். அந்த உத்திராபதிக்கு இந்த ஒன்றரை ஏக்கர் மேல ரொம்ப நாளாக் கண்ணு. அது அப்புறம் வருது.

போய்ப் பாத்தேன். நெசமான எலி சார், அதுல சந்தேகமே இல்லை. தண்ணிக்கு நாலு விரக்கடை மேல, நெல்லுத் தூரைச் சாய்வாக் கடிச்சுப் போட்டிருந்துச்சு. எலி கடிச்சா சாய்வாத்தான் இருக்கும். நேரா இருக்காது. இதை மனசுல வெச்சுக்குங்க.

மூணு நாள் கிட்டி வெச்சேன். பதினேழு எலி. கடைசி நாள் ஒரு வளையை முழுசா வெட்டித் திறந்தேன். அவ வரப்புல குந்திக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா.

"இது என்னங்க, பஞ்சு மாதிரி?"

"அதாம்மா அது படுக்கற எடம்."

"அட, என் பாய்கூட இம்புட்டு மெத்துனு இல்லையே. சரி, ஒரு வீட்டுக்கு எத்தனை பேரு?" பேருன்னு கேட்டா பாருங்க, எலியைப் போயி.

"ஒண்ணுதாம்மா. குட்டி போட்டிருந்தா தாயும் குட்டியும். அதுங்களும் வளந்துட்டா தனித்தனியாப் போயிடும். வரப்பெலி ஒண்ணோட ஒண்ணு சேந்து இருக்காது."

"இத்தனை அறையைக் கட்டிப்புட்டு ஒண்டியாவா இருக்கும்?"

"ஆமாம்மா."

"பேச்சுத் துணைக்குக்கூட ஆள் வேணாமா அதுக்கு?"

"எலிக்கு என்னம்மா பேச்சு?"ன்னேன்.

அவ வளையில இருந்த பழைய குறுவைக் கதிரையெல்லாம் மடியில வாரிக் கட்டிக்கிட்டு எழுந்தா. நான் சொன்னேன், "வேலை முடிஞ்சுதும்மா. இனிமே அறுப்பு வரைக்கும் உங்க வயல்ல எலி வராது."

"வரவே வராதா?"

"வராது. என் கைக்கு அந்தச் சுத்தம் உண்டு."

"அப்ப நீங்களும் வரமாட்டீங்க."

"எலி இல்லாத வயல்ல எனக்கு என்னம்மா வேலை?"

அப்படியே வாயடைச்சு நின்னுட்டா சார். வேலை அவ்வளவு திருப்தி அவளுக்கு.

அஞ்சு நாள் போயிருக்கும். திரும்ப ஆள் வருது. வயல்ல எலியாம், உடனே வரணுமாம். எனக்குக் கோவமே வந்துடுச்சு. என் தொழில்ல இப்படி ஆனதே இல்லை. சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினேன்.

அங்க ஒரு வளை இருந்துச்சு சார். அதை நான் என்னன்னு சொல்ல! வட்டமா, நேரா, கீழ எறங்குது. வாசல்ல ஒரு பொட்டு மண்ணு இல்லை. தோண்டின மண்ணை எங்க கொண்டு போச்சு? புழுக்கை இல்லை. எலித்தடம் இல்லை. சுத்திலும் மனுசக் காலடிதான், சின்னச் சின்னதா. அந்தம்மாவோடதுதான். பாவம், எலியைத் தேடி அங்கேயே நடந்திருக்கும். கையை விட்டுப் பாத்தேன். முழங்கை வரைக்கும் போச்சு, அவ்வளவுதான், முட்டிக்கிச்சு. வளைவு இல்லை, மெத்தை இல்லை, கதிர் அறை இல்லை, கொல்லைவாசல் இல்லை. வீடே கட்டாம வாசல் மட்டும் வெச்சிருந்துச்சு அந்த எலி.

பக்கத்துல நாலு தூர் வெட்டுப்பட்டுக் கிடந்துச்சு. எடுத்துப் பாத்தேன். நேரா! அருவாளால அறுத்த மாதிரி நேரா வெட்டியிருக்கு! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

"எப்படிங்க, பெரிய எலியா?"ன்னு கேட்டா.

"அம்மா, இது லேசுப்பட்ட எலி இல்லை. தடமே வெக்கலை. மண்ணைக்கூட சுமந்துக்கிட்டுப் போயி வேற எங்கயோ கொட்டியிருக்கு."

"ஐயையோ. அப்ப நீங்க பல தடவை வரவேண்டியிருக்குமோ?"

"புடிக்கிற வரைக்கும் வருவேன். கவலைப்படாதீங்க."

"நான் ஏங்க கவலைப்படறேன்"ன்னா. தைரியமான பொம்பளை.

கிட்டி வெச்சேன். காலையில போனா காலி. இரை அப்படியே இருக்கு. நான் தலையில கை வெச்சுக்கிட்டு வரப்புல உக்காந்திருந்தேன். அவதான் சோறு கொண்டாந்தா. சுடுசோறு, சென்னாகுன்னித் தொவையல், அதாங்க பொடி எறாக் கருவாடு. முன்னாடி வந்தப்ப பேச்சோட பேச்சா எனக்கு சென்னாகுன்னின்னா உசிருன்னு சொல்லியிருந்தேன். தற்செயலா அன்னிக்கு அவ வீட்ல அதுவே செஞ்சிருக்கா.

அதுலேர்ந்து வாரா வாரம் வந்துச்சு சார் அந்த எலி. எனக்கு வியாழக்கிழமை ஒருநாள்தான் வேற ஊர்ல வேலை கிடையாது. அதை அவகிட்டச் சொல்லியிருந்தேன். என் நல்ல நேரம், அந்த எலியும் வியாழக்கிழமையாப் பாத்துத்தான் வரும். ஒரு வாரம் வடக்கு வரப்பு, ஒரு வாரம் தெக்கு வரப்பு. எங்க வந்தாலும் அதே மாதிரி. வாசல் மட்டும். நான் யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். இது ஆம்பளை எலி, வயசாயிடுச்சு, ஜோடி சேரலை, அதான் வீடு கட்ட மனசு வராம வாசலோட நிறுத்திடுது. இதை அவகிட்ட சொன்னேன். முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்னா. எரக்க மனசு அவளுக்கு.

அந்த எலி என்னை என்ன பாடு படுத்திச்சுன்னு சொல்லி மாளாது. புதன்கிழமை வந்தா இருப்புக் கொள்ளாது. சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டுடுவேன். சவரம் பண்ணிக்குவேன். எலி புடிக்கப் போறதுக்கு எதுக்குய்யா சவரம்னு கடைக்காரரு கேட்டாரு. தொழில் சுத்தம்னு சொன்னேன்.

இப்படிப் போயிக்கிட்டு இருக்கறப்ப, கார்த்திகை நடுவுல ஒருநாள் உத்திராபதி என் சைக்கிளை மறிச்சாரு. வெள்ளை வேட்டி, பெரிய மீசை, நல்ல ஒசரம்.

"என்னப்பா, வாரா வாரம் வர்ற?"

"எலிங்க."

"எல்லா வயல்லயும் இல்லாத எலி இந்த வயல்ல மட்டும் என்ன எலி? ஊரே பேசுது. இனிமே இந்தப் பக்கம் உன்னைப் பாக்கக்கூடாது."

எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடுச்சு சார். ஊரே பேசுதாம்! ஒரு எலியைப் புடிக்கத் துப்பில்லாதவன்னு ஊரே பேசறப்ப எந்த மூஞ்சியோட அங்க போறது? இருந்தாலும் தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கே. "ஐயா, உங்க வயலை ஒட்டின வாய்க்கா கரையில நெறைய வளை பாத்தேன். ஈர மண்ணு தள்ளியிருக்கு. அதையாவது ஒருநாள் கிட்டி வெச்சு எடுத்துடறேன்"ன்னேன்.

"எங்க கரையில எலியே கிடையாது. நீ போ"ன்னாரு.

போயிட்டேன். அந்த வியாழக்கிழமை போகலை. ஆள் வந்துச்சு, எலியாம். நான் என் பங்காளி சிங்காரத்தை அனுப்பினேன். அவன் போன வேகத்துல திரும்பி வந்தான். அவனை வரப்புலயே ஏறவிடலையாம். "இந்த எலியைப் பத்தி அவருக்குத்தான் தெரியும், அவரையே வரச்சொல்லுங்க"ன்னாளாம். இந்த சிங்காரம் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணே, நான் எட்ட நின்னு பாத்தேன். அது எலி வளை இல்லை, கடப்பாரை போட்ட ஓட்டை"ங்கறான்! எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. பத்து வருஷம் என்கூடச் சுத்தியும் தொழில் ஏறலை பாருங்க. ஒரு பொம்பளை தன் வயல் வரப்பைத் தானே ஏன்டா கடப்பாரையால குத்தப்போறான்னு கேட்டேன். இளிச்சுக்கிட்டே போயிட்டான்.

அடுத்த வியாழனும் போகலை. அதுக்கடுத்த வியாழன் ஆளும் வரலை. சோறு எறங்கலை சார் எனக்கு. ஏன்னு தெரியலை. அந்த எலி என்ன ஆச்சோ, அந்தம்மா தனியா என்ன பண்ணுதோன்னு அதே நெனப்பு.

மார்கழி பொறந்து நாலாம் நாள் மழை புடிச்சுது. புயல் சின்னம்னு ரேடியோவுல சொன்னாங்க. ரெண்டு நாள் விடாம ஊத்திச்சு. மூணாம் நாள் விடிஞ்சதும் பால்காரர் சொல்றாரு, நல்லிக்கோட்டகத்துல வாய்க்கா கரை போகப்போவுதாம், ஆம்பளையெல்லாம் அங்கதான் நிக்கறாங்கன்னு. நான் சட்டைகூட மாத்தலை. சைக்கிளை மிதிச்சேன்.

போனா, கரை நிறைய சனம். வாய்க்கா தளும்பிக்கிட்டு ஓடுது. கரை உடைஞ்சுதுன்னா பள்ளத்துல இருக்கற தையல்நாயகி வயல்தான் மொதல்ல போகும். கதிர் வெளிவந்து பால் புடிக்கிற நேரம். அப்புறம் கீழத்தெருவுல நாப்பது வீடு. கரைக்கு இந்தப் பக்கம், வயலோரமா, தரையிலேர்ந்து குபுகுபுன்னு சேத்துத்தண்ணி பொங்குது. நாலு பேரு மண்ணு மூட்டையைத் தூக்கி அது மேலயே போடறாங்க. போட்டா பக்கத்துல பொத்துக்கிட்டு வருது. அங்க போட்டா இங்க. உத்திராபதி குடையைப் புடிச்சுக்கிட்டு, "இன்னும் போடுங்கடா, இன்னும் போடுங்கடா"ன்னு கத்தறாரு. எந்த எடம் தெரியுமா? எங்க கரையில எலியே கிடையாதுன்னாரே, அதே எடம்.

தையல்நாயகி முழங்கால் சேத்துல நின்னு மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்தா. கண்ணு நெறைஞ்சிருந்துச்சு. மழைத்தண்ணி போல.

நான் கத்தினேன், "நிறுத்துங்க! அங்க போட்டுப் பிரயோஜனம் இல்லை. அது கொல்லைவாசல். முன்வாசல் வாய்க்காலுக்குள்ள இருக்கு. அதை அடைச்சாத்தான் நிக்கும்."

உத்திராபதி திரும்பினாரு. "எலி புடிக்கிறவன் சொல்லி நாங்க கரை கட்டணுமா?"

அப்ப அவ மூட்டையைக் கீழ போட்டா சார். "மாமா, அவரு சொல்றதைச் செய்யுங்க. எலி வீட்டுல எத்தனை அறை, எத்தனை வாசல்னு இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

நான் வாய்க்கால்ல எறங்கிட்டேன். நெஞ்சு வரைக்கும் தண்ணி, ஆளை இழுக்குது. கரையைப் புடிச்சுக்கிட்டு, காலை இடுப்பு ஒசரத்துக்குத் தூக்கிக் கரையைத் துழாவிக்கிட்டே போறேன். ஒரு எடத்துல வலது கால் பெருவிரலை யாரோ உள்ள இருந்து உறிஞ்சற மாதிரி இருந்துச்சு. அதான் வாசல். என் தலை பெருசுக்கு அகண்டு போயிருந்துச்சு. "சாக்குல வைக்கோலும் களிமண்ணும் திணிச்சுக் கொண்டாங்க"ன்னேன். அவங்க கொண்டாற வரைக்கும் என்ன பண்றது? நேரம் ஆக ஆக வாசல் பெரிசாகுது. திரும்பி, முதுகை அந்த வாசல்ல வெச்சு அழுத்திக்கிட்டு நின்னுட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம், "நின்னுடுச்சு! தண்ணி நின்னுடுச்சு!"

முக்கா மணி நேரம் நின்னேன் சார். முதுகை எலி வீட்டுக்குள்ள இழுக்குது, முன்னாடி வாய்க்கா தள்ளுது. பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. அவ கரையில மண்டி போட்டு, ஒரு தூக்குலேர்ந்து டீயை ஊத்தி ஊத்தி என் வாய்கிட்ட கொண்டாந்து கொடுத்தா. என் கை ரெண்டும் கரையைப் புடிச்சிருந்துச்சே. உத்திராபதி குடையை மடக்கிப் போட்டுட்டு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு சாக்கு தூக்கினாரு. அந்தக் கண்கொள்ளாக் காட்சியை நான் திரும்பிப் பாக்க முடியலை, அதான் எனக்குக் குறை.

அந்த நேரத்துல கரை மேல, நான் நிக்கற எடத்துக்குச் சரியா ஒரு முழம் தள்ளி, என் கண்ணு ஓரத்துலயே தரை அசைஞ்சுது. மண்ணை முட்டிக்கிட்டு ஒரு தாயெலி வெளிய வந்துச்சு. வாயில குட்டி. சனத்தைப் பாத்துக்கூட பயப்படலை. குட்டியை மேட்டுல இருந்த வைக்கோல் மேல வெச்சுட்டுத் திரும்ப உள்ள போச்சு. அப்படி அஞ்சு நடை. ஒருத்தன் கம்பை ஓங்கினான். "விடுடா"ன்னேன். ஏன் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. நம்ம தொழிலுக்கு அடுக்காத பேச்சு அது. ஆனா சொல்லிட்டேன்.

சாக்கு வந்துச்சு. ஒவ்வொண்ணா இறக்கி, காலால மிதிச்சு, வாசலை அடைச்சோம். மேல களிமண்ணு. நாலு பேரு சேந்து என்னைத் தூக்கிக் கரையில போட்டாங்க. முதுகெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு. மழையும் கொஞ்சம் விட்டுது.

உத்திராபதி மூச்சு வாங்கிக்கிட்டே வந்து, சனத்துக்கு முன்னாடி தையல்நாயகிகிட்ட சொன்னாரு, "பாத்தியா? தனியா ஒரு பொம்பளை வெள்ளாமை பாக்கறது ஆகற காரியமா? நெலத்தை எங்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன். இந்த ஆளும் வந்து வந்து போறதால ஊர் வேற பேசுது."

அவ என் பக்கத்துல வந்து நின்னா. தலையில துண்டைப் போட்டுத் தொவட்டி விட்டா. அப்புறம் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, என்னைப் பாத்து, "ஏங்க, கட்டிக்கலாமா?"ன்னு கேட்டா.

நான் கரையைத் திரும்பிப் பாத்தேன். "இப்பவேவா? மழை விடட்டும்மா. மண்ணு காயணும், இல்லன்னா நிக்காது"ன்னேன்.

சனம் கொல்லுனு சிரிக்குது. எனக்கு ஒண்ணும் புரியலை.

"கரையை இல்லைங்க"ன்னா அவ. "உங்களைக் கட்டிக்கிறேன்னு சொல்றேன்."

அவ போட்ட துண்டை எடுத்து நாலா மடிச்சேன், பிரிச்சேன், திரும்ப மடிச்சேன் சார். "நான் எலி புடிக்கிறவன்"ன்னேன் கடைசியில. வேற என்ன சொல்றதுன்னு தெரியலை.

"தெரியும். அதுக்குத்தானே ஆள் அனுப்பினேன்"ன்னா.

உத்திராபதி துள்ளிக் குதிச்சாரு. நெலம் எங்க குடும்பத்து நெலம், அது இதுன்னாரு. கீழத்தெருப் பொம்பளைங்க விடலை. அவர் முதுகு வெக்கலைன்னா எங்க நாப்பது வீடும் இப்ப தண்ணிக்குள்ள, நீ போய்யான்னுட்டாங்க. நெலம் அவ பேர்லதான் பட்டா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரே சாதி சனம்தான், அதனால அந்தப் பேச்சுக்கும் எடமில்லை. தை மாசம், அறுப்பு முடிஞ்சு எட்டாம் நாள், அங்க இருக்கற மாரியம்மன் கோயில்லயே கல்யாணம். உத்திராபதி பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வந்து ரெண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. இப்பல்லாம் ஐப்பசி பொறந்தா அவரேதான் மொதல் ஆளா வந்து கூப்பிடுவாரு, "மாப்ளே, நம்ம கரையில வந்து பாரு"ன்னு.

எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். கல்யாணத்துக்கப்புறம் அந்த எலி வரவே இல்லை. ஒரு தடவைகூட. வியாழக்கிழமை வியாழக்கிழமை வரப்பு முழுக்கச் சுத்திப் பாத்தேன். வெள்ளத்துல போயிருக்கும்னு வெச்சுக்கிட்டாலும் மனசு ஆறலை. விவசாயக் காலேஜ்லேர்ந்து ஒரு ஆபீசர் வந்தப்ப அவர்கிட்டக்கூட வெவரமாச் சொன்னேன். மண்ணு தள்ளாது, தடம் வெக்காது, நேரா அறுக்கும், வாரம் ஒருநாள் வரும், என்ன ஜாதி எலி சார்னு கேட்டேன். அவர் எழுதிக்கிட்டே வந்தவரு பேனாவை மூடிட்டு எங்க வீட்டுக்காரியைப் பாத்தாரு. அவ டீ கொண்டாறேன்னு உள்ள போயிட்டா. "ரொம்ப அபூர்வமான ஜாதிங்க, விட்டுடாதீங்க"ன்னாரு. படிச்சவரு, அவருக்கே அது அபூர்வம்!

நீங்க ஏன் சார் சிரிக்கிறீங்க? எலி புடிக்கிறவன் எலிகிட்டத் தோத்தான்னா? சிரிங்க, சிரிங்க. பரவாயில்லை. தோத்ததுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை.

ஐயோ, இது எங்க ஸ்டாப்பிங் ஆச்சே! பேச்சு சொவாரஸ்யத்துல பாக்கலை பாருங்க. அவ எறங்கிட்டா, அதோ, கீழ நிக்கறா! கண்டக்டர்! கண்டக்டர், விசிலடிச்சுடாதீங்க, ஆள் எறங்கணும்! கொஞ்சம் வழி விடுங்கம்மா, காலை மிதிச்சுட்டனா, மன்னிச்சுக்குங்க. வர்றேன் சார். ஜன்னல் வழியாப் பாருங்க, எப்படி நிக்கறான்னு. பஸ் போயிடுமோன்னு ஒரு பதட்டம் உண்டா? இடுப்புல கையை வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கறா. நான் வந்து சேந்துடுவேன்னு அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.